பாலத்துக்கு ஒரு ரூபாய் உபயம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று இரண்டு பேர் விசாரித்தார்களாம். ஒருவர் ஆசிரியர். இன்னொருவர், எனக்கு ரெக்கார்டு பிளேயர் ஊசி இரவல் கொடுத்தவர்.

இருவருக்கும் ஒரே பதில்தான். நான் டோல்கேட்டில் இருந்தேன். அதிலும் கொஞ்ச நேரம், டோல்கேட்டில் நின்ற வேனுக்கு அடியில் இருந்தேன்.

ஏன்? இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வந்தது வேறு... வேண்டாம், வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

நம் திருவண்ணாமலைக்குத் தெற்கே போனால் ஓர் ஆறு. ஆறு என்று மேப்பில் போட்டிருக்கிறது; நேரில் பார்த்தால் மணல். அதன் மேல் அழகான புதுப் பாலம். பாலத்தின் ஊர்ப்பக்கம் ஒரு மூங்கில் தடுப்பு, ஒரு முனையில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டது. பக்கத்தில் தகரக் கொட்டகை. இதுதான் டோல்கேட். பாலம் கட்டின செலவை எடுப்பதற்காக சர்க்கார் இதை வருஷா வருஷம் ஏலம் விடுகிறது. ஏலம் எடுத்தவர் சர்க்காருக்குத் தவணை தவணையாகப் பணம் கட்ட வேண்டும். வருகிற வண்டிகளிடம் அவர் வசூலித்துக்கொள்ளலாம்.

இந்த வருஷம் எடுத்தவன் என் தங்கை சாந்தாவின் புருஷன் ஏழுமலை.

ஏழுமலை தங்கமான மனுஷன். தொல்லையே அதுதான். டோல்கேட் என்பது தங்கமான மனுஷன் நடத்துகிற காரியமா? வண்டியை நிறுத்திக் காசு கேட்க வேண்டும். இவன் வண்டியை நிறுத்திச் சௌக்கியம் கேட்பான்.

"அப்புறம்... காசு..." என்று இழுப்பான்.

"வரும்போது தர்றேம்பா."

"சரிங்க. பாத்துப் போங்க."

போனவர் திரும்பி வருவாரா? வருவார். ஆனால் பாலத்தில் வரமாட்டார். மணலில் வருவார்!

அங்கேதான் இருக்கிறது விஷயம். ஆற்றில் தண்ணீர் ஓடினால் எல்லா வண்டியும் பாலத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். கார்த்திகை மாசம், நல்ல மழைக்காலம், தீபத்துக்கும் மாட்டுச் சந்தைக்கும் ஊரே திரண்டு வரும், ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடும் — ஏலம் எடுக்கும்போது ஏழுமலை போட்ட கணக்கு இது. மழை அந்தக் கணக்கைப் பார்க்கவே இல்லை. ஒரு பொட்டுத் தண்ணீர் கிடையாது. அக்கரை ஊர்க்காரர்கள் மணல் மேல் காய்ந்த கரும்புச் சோகையை வண்டி வண்டியாகக் கொட்டி, மெத்தை மாதிரி ஒரு பாதை போட்டுவிட்டார்கள். லாரிகூட அலுங்காமல் போகிறது. பாலத்துக்கு நேர் கீழேயே போகிறது. போகிறவன் மேலே அண்ணாந்து பார்த்துக் கை வேறு ஆட்டுகிறான்.

தீபத்தன்று மழை வரக் கூடாதே என்று ஊரே வேண்டிக்கொள்ளும்போது, ஏழுமலை மட்டும் தினமும் கோயிலுக்குப் போய் மழை கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணாமலையார் யார்? நெருப்பாய் நின்ற சாமி. அவரிடம் போய்த் தண்ணீர் கேட்டால்?

இதில் எனக்கு என்ன என்கிறீர்களா? ஏலத்துக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட முட்டாள் நான்தான்.

தீபத்துக்கு மறுநாள் கடைசித் தவணை. கட்டாவிட்டால் குத்தகை போகும், டெபாசிட் போகும், அப்புறம் ஜாமீன்காரன் வீட்டுக்கு ஆள் வரும். ஜாமீன்காரன் வீட்டில் தூக்கிப்போக என்ன இருக்கிறது? பதினெட்டு வருஷமாக நான் நடத்துகிற மைக்செட் கடை. ஓர் ஆம்ப்ளிஃபயர், நாலு குழாய் ஸ்பீக்கர், ஒரு பழைய வேன். இவை போய்விட்டால், வாரம் ஒரு பக்கம் எழுதிப் பிழைக்க வேண்டும். அது பிழைப்பா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு வாரமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கனவில் யாரோ என் ஸ்பீக்கரைக் கழற்றுகிறார்கள். "ஐயோ, குழாய்! குழாய்!" என்று நான் கத்த, என் மனைவி எழுந்து போய்க் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

தீபத்தன்று எனக்கு ஓர் அன்னதானப் பந்தலில் மைக்செட் வேலை இருந்தது. அதுவும் போச்சு. இன்னொரு மைக்செட்காரர், 'ஒலி உபயம்' என்று பந்தல் வாசலில் தன் பேரைப் பெரிசாக எழுதிக்கொள்ள விட்டால் போதும், சும்மாவே கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். இவர் கதை உங்களுக்கு அப்புறம் உபயோகப்படும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, வருஷத்திலேயே பெரிய நாளில் நான் வேலையில்லாதவன். வேனையும் செட்டையும் ஓட்டிக்கொண்டு காலையிலேயே டோல்கேட்டுக்குப் போனேன். ஏழுமலை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். சாந்தா டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தடுப்பு மூங்கிலைத் தூக்கி இறக்குகிற முனுசாமி, தூக்க வேலை இல்லாததால் அதில் துண்டு காயப்போட்டிருந்தார்.

"மாப்ளே, பெரிய பாக்கி எதுனா இருக்குதா? அதைப் புடிச்சா ஆவுமா?" என்றேன்.

"ரெண்டு பேருதான் மச்சான். மல்லாட்டை மண்டி ஜெயபால், ரைஸ் மில் தணிகாசலம். அவங்க லாரிங்க பாலத்து மேலதான் போவும், லோடு ஜாஸ்தி, மணல் தாங்காது. ஆனா மாசக் கணக்குன்னு சொல்லிட்டுப் போவாங்க. அது ரெண்டும் வந்துட்டா தவணையில முக்கால்வாசி கட்டிடலாம்."

"கேட்டியா?"

"மில்லுக்குப் போனேன்."

"போயி?"

அவன் டிபன் கேரியரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். சாந்தாதான் சொன்னாள். "போயி, பாக்கி கேக்கறதுக்குப் பதிலா அரை மூட்டை அரிசி கடனா வாங்கினு வந்துட்டாருண்ணா."

"அவரு முகத்தைப் பாத்தா வாய் வரலை மச்சான்," என்றான் ஏழுமலை. "அந்த மீசை..."

தணிகாசலத்தை உங்களுக்குத் தெரியாது. ஆறடி. குரலைக் கேட்டால் நெல் தானாகவே உமியைக் கழற்றிவிடும். மில் வேறு ஆற்றங்கரையிலேயே, டோல்கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான்.

"அவரை விடு," என்றேன் அவசரமாக. "மணல்ல போறவங்களை நான் பாத்துக்கறேன். கேக்கற விதத்துல கேக்கணும்!"

வீரமாகத்தான் இறங்கினேன். சோகைப் பாதையின் நட்ட நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். சந்தைக்குப் போகிற ஒரு மாட்டு வண்டி வந்தது. பூட்டியிருந்தது இரண்டும் வாட்டசாட்டமான வெள்ளைக் காளைகள்.

"நிறுத்து!" என்றேன்.

வண்டிக்காரர் நிறுத்தத்தான் பார்த்தார். காளைகளுக்குத்தான் ஏல விதிமுறை தெரியவில்லை. ஒன்று தலையைத் தாழ்த்திற்று. அதற்கப்புறம் நடந்தது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. எனக்கு நினைவு திரும்பியபோது நான் பாலத்தின் மேல் இருந்தேன், கைப்பிடிச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. செருப்பு இரண்டும் கீழே மணலிலேயே இருந்தன.

வண்டிக்காரர் அண்ணாந்து பார்த்தார். பேர் கன்னியப்பன் என்று பிறகு தெரிந்தது. "இன்னா சார், மாட்டுக்கு பயந்து பாலத்து மேல ஏறிட்டீங்க. துட்டு குடுத்தீங்களா?"

"பாலத்துக்குக் காசு குடுக்காம இப்படி மணல்ல போறது நியாயமாங்க?" என்று மேலிருந்தே கேட்டேன்.

"பாலம் சர்க்காருது. சரி. மணலு யாருது?"

"அதுவும் சர்க்காருதுதான்."

"அப்போ சர்க்காரு வந்து கேக்கட்டும். நீங்க யாரு?"

"நான் ஜாமீன்."

"யாருக்கு?"

"தங்கச்சி புருஷனுக்கு."

அவர் முகம் மாறிவிட்டது. "த்சொ, த்சொ," என்றார். செருப்பை எடுத்து மேலே வீசினார். கூடவே, மடியிலிருந்து வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலைதான்) ஒரு கை அள்ளிப் பாலத்துத் தூண் ஓரமாக வைத்துவிட்டு, காளைகளை மர நிழலில் அவிழ்த்துக் கட்டப் போனார். காலையிலிருந்து அந்த டோல்கேட்டுக்கு வந்த முதல் வரவு அதுதான்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பயம் வந்தால் மைக்கைப் பிடித்துக்கொள்வேன். சிலர் விபூதி பூசிக்கொள்வார்கள் இல்லையா, அந்த மாதிரி. வேன் கூரையில் ஒரு குழாயைக் கட்டி, பேட்டரியை மாட்டி, "ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ..." என்றேன். சத்தம் அக்கரையில் போய் மோதித் திரும்பி வந்தது. கொஞ்சம் தைரியமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஓர் அம்பாசிடர் பாலத்தில் வந்தது. மணல் வழி தெரியாத வெளியூர்க்காரர் போலிருக்கிறது. கேட்காமலே ஒரு ரூபாயை நீட்டினார்! ஏழுமலைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு நன்றி பொங்கிவிட்டது. கையில் மைக். என்ன செய்வேன்? பதினெட்டு வருஷமாகத் திருவிழாக்களில் என்ன சொல்லிப் பழகியிருக்கிறதோ அதுதான் வாயில் வந்தது.

"வெளியூரிலிருந்து வருகை தந்திருக்கும்... அய்யா, உங்க ஊரு, பேரு, தொழில்? ... விழுப்புரம் ஜவுளிக்கடை அதிபர் திரு. கோதண்டராமன் அவர்கள், நமது பாலத்துக்கு வழங்கிய உபயம் — ரூபாய் ஒன்று! ஒன்று! ஒன்று! அன்னாருக்கு விழாக் கமிட்டியின் சார்பாக நன்றி! நன்றி!"

எந்த விழா? எந்தக் கமிட்டி? எனக்கே தெரியாது.

கார் பத்தடி போய் நின்றது. எனக்குப் பகீரென்றது. கிண்டல் பண்ணுகிறேன் என்று அடிக்க வருகிறாரோ? வேனின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனேன். அவரும் அந்தப் பக்கம் வந்தார். இறங்கின மனுஷர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார்.

"சார்... சம்சாரத்து பேரையும் சேர்த்துச் சொல்ல முடியுங்களா? வண்டியிலதான் இருக்கா." இன்னொரு ரூபாயை நீட்டினார்.

சொன்னேன். காருக்குள் இருந்த அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, மாலை போடப்போகிறார்கள் என்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கார் போயிற்று. ஆற்றில் ஒரே அமைதி. மணலில் போய்க்கொண்டிருந்த வண்டிகள் எல்லாம் நின்றிருந்தன. அத்தனை பேரும் அண்ணாந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே மர நிழலிலிருந்து கன்னியப்பன் குரல் வந்தது. "சார்! மாட்டு வண்டிக்கும் பேரு சொல்வீங்களா?"

"நாலணா குடுத்தா எல்லாருக்கும் சொல்வோம்!" என்று கத்தியது நானில்லை. என் தங்கை சாந்தா.

அவ்வளவுதான் சார். கன்னியப்பன் காளைகளைப் பூட்டி, வந்த வழியே திருப்பி, அக்கரைக்குப் போய், முறையாகப் பாலத்தில் ஏறி வந்தார். நாலணாவைக் கொடுத்துவிட்டு, "எம்பேரு கெடக்குது. மாட்டு பேரைச் சொல்லுங்க. சந்தையில விக்கணும்," என்றார்.

"கன்னியப்பன் அவர்களின் காளைகள், ராஜா, மந்திரி! பல்லு ஆறு! சுழி சுத்தம்! சாதுவான மாடுகள்!" என்றேன். சாது என்று சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் நடுங்கிற்று.

அதற்கப்புறம் பாலத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! வண்டிக்குப் பின்னால் வண்டி. முனுசாமி மூங்கிலில் காயப்போட்ட துண்டை எடுக்கக்கூட நேரமில்லாமல் துண்டோடேயே தூக்கி இறக்கினார். சோகைப் பாதையில் ஓர் ஈ காக்கை இல்லை. ஒருவர் தன் பேரோடு அப்பா பேர், ஊர் பேர், மகன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினது எல்லாம் சேர்க்கச் சொன்னார். டிராக்டரில் வந்த ஓர் அம்மாள் அர்ச்சனை என்றே நினைத்துவிட்டார். "ரிஷப ராசி, ரோகிணி நட்சத்திரம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். நானும் டிராக்டருக்கு ரிஷப ராசி ரோகிணி நட்சத்திரம் சொல்லி அனுப்பிவைத்தேன். சைக்கிளுக்குச் சுங்கமே கிடையாது. ஒரு சைக்கிள்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். "இன்னாயா, சைக்கிள்னா கேவலமா? வாங்கிக்க துட்டு!"

நம் ஊரில் உபயம் என்று எழுதாத பொருள் ஏதாவது உண்டா? பெஞ்சு, மணி, கடிகாரம், தண்ணீர்த் தொட்டி... மலை ஒன்றுதான் பாக்கி. அதுவும் அங்கே பெயின்ட் வாளி தூக்கிப்போக ஆள் கிடைக்காததால். மனுஷனுக்குக் காசு கொடுப்பது கசக்கவில்லை ஐயா. கொடுத்தது ஒருத்தருக்கும் தெரியாமல் போவதுதான் கசக்கிறது. ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அந்த 'ஒலி உபயம்' மைக்செட்காரர், அவர் கதையும் இதேதான். இத்தனை வருஷமாக சர்க்கார் வரி கேட்கிறதே, ஒரு தடவையாவது நம் பேரை மைக்கில் சொல்லியிருக்கிறதா?

மத்தியானம் மல்லாட்டை மண்டி ஜெயபாலின் கணக்குப்பிள்ளை சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார். பாக்கி முழுவதையும் ஏழுமலை கையில் வைத்தார். "முதலாளி பேரை மூணு தடவை சொல்லணும். முன்னால 'கொடைவள்ளல்' போடணும்," என்றார். போட்டேன். ஆற்று மணலே அதிர்ந்தது.

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். புத்திசாலி நிறுத்தியிருப்பான். ஆனால் காலையிலிருந்து மைக்கைப் பிடித்தவனுக்குத் தலைக்குள் என்ன ஓடும் என்று உங்களுக்குத் தெரியாது. பயமெல்லாம் போய், ஒரு மாதிரி மிதப்பு. காளை என்ன, யானையே வந்தாலும் ரிஷப ராசி சொல்லி அனுப்பிவிடலாம் போல...

"அடுத்ததாக," என்றது என் வாய், "நமது ரைஸ் மில் அதிபர் திரு. தணிகாசலம் அவர்கள், தமது லாரிகளுக்கான பாக்கித் தொகை முழுவதையும், இன்று தீபம் ஏற்றுவதற்குள், தாமே நேரில் வந்து வழங்க அன்புடன் இசைந்துள்ளார்கள்! இசைந்துள்ளார்கள்!"

ஏழுமலை கையிலிருந்த சில்லறை கீழே கொட்டிற்று.

"மச்சான்! அவரு எப்போ இசைஞ்சாரு?"

"இசைவாரு மாப்ளே."

முனுசாமி நிதானமாக வேன் கூரையைப் பார்த்தார். "அய்யிரு மந்திரம் சொல்ற மாதிரி தெளிவாத்தான் சொன்னீங்க சார். குழாயும் அவரு மில்லைப் பாத்துத்தான் இருக்குது."

நானும் பார்த்தேன். ஆமாம். குழாயின் வாய் நேராக மில்லைப் பார்த்துத் திறந்திருந்தது. அடுத்த விநாடி மில்லின் சத்தம் நின்றது. காலையிலிருந்து தட தடவென்று ஓடின மில், திடீரென்று... நின்றுவிட்டது. ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. புழுதி கிளம்பிற்று.

மிதப்பெல்லாம் உள்ளங்கால் வழியாக இறங்கி மண்ணில் போய்விட்டது.

"நான் சொன்னேன்னு சொல்லாதே," என்றேன் சாந்தாவிடம்.

"அண்ணா, ஊருக்கே உன் குரல் தெரியும்."

"ஜலதோஷம்னு சொல்லு. வேற யாரோ பேசினாங்கன்னு சொல்லு. நான் இல்லைன்னு சொல்லு!"

சொல்லிக்கொண்டே வேனுக்கு அடியில் புகுந்துவிட்டேன். மைக்கோடுதான். வயர் கூடவே வந்தது. பெட்ரோல் வாசனை, முதுகில் சரளைக்கல். ஜீப் வந்து நின்றது தெரிந்தது. பெரிய செருப்பு இரண்டு இறங்கின. கண்ணை மூடிக்கொண்டேன். மனசுக்குள் வேண்ட ஆரம்பித்தேன்.

மனசுக்குள் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணாமலையாரே... இந்த ஒரு தடவை காப்பாத்துப்பா. தணிகாசலத்து கோவத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணு. அந்த ஆளு மீசையைப் பாத்தாலே எனக்கு வேனுக்கு அடியில பூந்துடத் தோணுது. அவரு இசையலைன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஒரு கைப்பிடி உமிகூட யாருக்கும் சும்மா தராத மனுஷன் எப்படிப்பா இசைவாரு? வாய் தவறிடுச்சு. எல்லாம் மாப்பிள்ளைதான் சொல்லச் சொன்னான்னு வச்சுக்கோ..."

என்னடா இது, என் வேண்டுதல் அக்கரையில் போய் மோதித் திரும்பி வருகிறதே என்று தோன்றியது. அண்ணாமலையார்தான் எதிரொலிக்கிறாரா? கண்ணைத் திறந்து பார்த்தேன். மைக்கின் ஸ்விட்ச்... ஆன்.

பதினெட்டு வருஷமாக மைக்செட் நடத்துகிறவன். பேச வருகிற ஒவ்வொருவரிடமும் 'முடிஞ்சதும் ஆஃப் பண்ணிடுங்க' என்று சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்தவன்!

பாலம் பூராவும் சிரிப்பு. வண்டிக்கு வண்டி, கரைக்குக் கரை சிரிப்பு. மாடுகூட சிரித்த மாதிரி இருந்தது.

பெரிய செருப்பு இரண்டும் வேன் பக்கம் வந்தன. மீசை ஒன்று தலைகீழாகக் குனிந்து எட்டிப் பார்த்தது.

"யோவ்! வெளிய வா."

"இங்கயே... சௌகரியமா இருக்குதுங்க," என்றேன். அதுவும் மைக்கில் போயிற்று.

"அந்த எழவை ஆஃப் பண்ணிட்டு வா."

வந்தேன். சட்டை முழுக்கக் கிரீஸ். எதிரே ஆறடி. சுற்றிலும் வரிசையில் நின்ற அத்தனை ஜனம். அதில் பாதிப் பேர் அவர் மில்லுக்கு நெல் போடுகிற விவசாயிகள். இந்த மனுஷர் ஓர் அறை விட்டால் நான் தீபத்தைப் பார்ப்பேனா, தீபம் என்னைப் பார்க்குமா?

"இன்னா சொன்ன? நான் இசைஞ்சேன்னா?"

"அது வந்துங்க..."

"உமிகூட தரமாட்டேனா?"

"அது... சாமிகிட்ட தனியா சொன்னதுங்க."

அப்போதுதான் வரிசையிலிருந்து அந்த ரோகிணி நட்சத்திரத்து அம்மாள் டிராக்டர் மேலிருந்து குரல் கொடுத்தார். சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறார் போலிருக்கிறது. "இன்னாப்பா தணிகாசலம், நாங்கூட ரெண்டு தரம் குடுத்துட்டேன். நீ இன்னும் குடுக்கலியா?"

யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பை விட மோசமாக இருந்தது.

தணிகாசலம் அம்மாளைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி — அவர் தாழ்த்தினால் நமக்குச் சாதாரணக் குரல் — என்னிடம் கேட்டார்:

"ஜெயபாலுக்கு எத்தினி தரம் சொன்ன?"

"மூணுங்க."

"கொடைவள்ளல்னு போட்டியா?"

"போட்டேங்க."

"மல்லாட்டை விக்கிறவன் கொடைவள்ளலு. நான் உமி தராதவன். இல்ல?"

டிரைவரைத் திரும்பிப் பார்த்து, "மில்லுல போயி பெட்டியை எடுத்தா," என்றார். எந்தப் பெட்டி என்று புரியாமல் வேன் பக்கமாக ஓர் அடி நகர்ந்தேன். வந்தது பணப்பெட்டி.

பாக்கி முழுவதும் கொடுத்தார். ஏழுமலை வாங்கும்போது, "சௌக்கியமாங்க?" என்று கேட்டான். சாந்தா அவனை இடித்துவிட்டுப் பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இப்போ சொல்லு," என்றார் தணிகாசலம். "அஞ்சு தரம். எங்கப்பா பேரையும் சேத்து. அந்த மண்டிக்காரன் இருக்கற பக்கமா குழாயைத் திருப்பி வை. அப்புறம் அந்த உமி விஷயம்... அதை வாபஸ் வாங்கு."

வாங்கினேன். "சற்று முன் ஒலிபரப்பான வேண்டுதலில் உமி குறித்து இடம்பெற்ற வாசகம் தவறானது. வருந்துகிறோம்!" என்றேன். அஞ்சு தரம் சொன்னேன். ஆறாவதாக நானே ஆசையில் 'அரிசி வள்ளல்' என்று ஒன்று சேர்த்தேன். மீசைக்கு அடியில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது, நான் அப்போதும் ஓடத் தயாராகத்தான் நின்றேன்.

சாயங்காலம் மலை உச்சியில் தீபம் தெரிந்தது. பாலத்தில் நின்ற அத்தனை வண்டியும் அப்படியே நின்றது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" — அதற்கு மைக் தேவைப்படவில்லை. ஏழுமலை கன்னத்தில் போட்டுக்கொண்டான். தவணை மறுநாள் காலையில் கட்டியாகிவிடும். என் ஆம்ப்ளிஃபயர் எனக்கே. குழாய் நாலும் எனக்கே. வேனைக் கட்டிப்பிடித்து ஒரு முத்தம் கொடுத்தேன். புழுதி.

செட்டைக் கழற்றத் தொடங்கினேன். நாளைக்கு அக்கரையில் ஒரு கல்யாணம். ராத்திரியே பந்தலுக்கு மைக் கட்ட வேண்டும். கூரைக் குழாயையும் மைக்கையும் மட்டும் அப்படியே விட்டேன், அங்கே போய்க் கழற்றிக்கொள்ளலாம். வேனில் ஏறி ஸ்டார்ட் பண்ணினேன். முனுசாமி மூங்கிலைத் தூக்கவில்லை.

"இன்னா முனுசாமி, தூக்குங்க. நான்தான்."

"அம்மா தூக்க வேணாம்னுட்டாங்க சார்."

தலைக்கு மேல் குழாயில் ஒரு குரல் கேட்டது. சாந்தா! மைக் அவள் கையில் இருந்தது.

"அன்பார்ந்த பொதுமக்களே! இந்தக் கேட் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து, ஜாமீன்காரர்னு சொல்லிக்கினு, வேனை சும்மாவே ஓட்டிப் போய்க்கினு வந்துக்கினு இருக்கற எங்க அண்ணன், மைக்செட் அண்ணன், தன் பாக்கி முழுசையும் இப்பவே வழங்க அன்புடன் இசைந்துள்ளார்! இசைந்துள்ளார்!"

வரிசையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கை தட்டினார்கள். டிராக்டர் அம்மாள் விசிலே அடித்தார்.

கொடுத்தேன். வேறென்ன செய்ய? கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "முன்னால 'கொடைவள்ளல்' சேத்து இன்னொரு தரம் சொல்லு சாந்தா," என்று கெஞ்சினேன்.

அதுக்குத் தனியா எட்டணா ஆகுமாம்!